மலை வீட்டுக்குக் கலர் மாறும் எல்இடி ஸ்ட்ரிப்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

குன்னூர், கோத்தகிரி, ஊட்டி பக்கம் ஐப்பசி பிறந்தால் போதும், "வீட்டு முகப்புல கலர் மாறுற லைட் போடணும், என்ன வாங்குறது?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். தீபாவளி, கார்த்திகை, ஹெத்தையம்மன் பண்டிகை, கிறிஸ்துமஸ், புத்தாண்டு என்று பொங்கல் வரை அது ஓயாது. வயரிங் வேலை பார்ப்பவன் என்பதால் எல்லாரும் என்னைத்தான் கேட்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பி அலுத்துவிட்டது, அதனால் மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன். நெட்டில் இதைப் பற்றி வரும் வீடியோக்களில் சொல்வது பெரும்பாலும் சரிதான், ஆனால் அவை சமவெளி வீடுகளில் எடுத்தவை. அங்கே உறைபனி இல்லை, பகல் முழுக்க மேகம் இறங்கி நிற்பதில்லை, குரங்குத் தொல்லையும் இந்த அளவுக்குக் கிடையாது.

"அண்ணா, ஸ்ட்ரிப் லைட்டுக்கும் நம்ம சீரியல் செட்டுக்கும் என்ன வித்தியாசம்?"

சீரியல் செட் என்பது மெல்லிய வயரில் குட்டி பல்புகளைக் கோத்து, நேராக வீட்டு பிளக்கில் சொருகுவது. ஸ்ட்ரிப் என்பது வளையக்கூடிய நாடா மாதிரியான சர்க்யூட். பெரும்பாலும் 5 மீட்டர் ரோலாக வரும், பின்னால் ஒட்டுகிற டேப் இருக்கும், ஓடுவது 12 அல்லது 24 வோல்ட்டில். அட்டையில் 5050 என்று போட்டிருந்தால் ஒவ்வொரு எல்இடியும் 5 மில்லிமீட்டருக்கு 5 மில்லிமீட்டர் என்று அர்த்தம், வேறு ரகசியம் ஒன்றும் இல்லை. அந்தச் சின்னச் சதுரத்துக்குள் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனியாக இருக்கும் (இதைத்தான் ஆர்ஜிபி என்பார்கள்), கண்ட்ரோலர் அந்த மூன்றையும் கூட்டிக் குறைத்துத்தான் மற்ற நிறங்களை உண்டாக்குகிறது.

"கடையில 230 வோல்ட் ரோல் சல்லிசா கிடைக்குது, அடாப்டரே வேண்டாங்கிறாங்க. அதையே போட்டா என்ன?"

தகரக் கூரை வீடு என்றால் கட்டாயம் வேண்டாம். அந்த ரோலின் பிளக்கில் இருப்பது ஏசியை டிசியாக்கும் ஒரு சின்னச் சில்லு மட்டும்தான், மெயின் கரண்டிலிருந்து பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மர் எதுவும் இல்லை. அதாவது நாடா முழுக்க ஓடுவது உயிரை எடுக்கும் கரண்ட். தகரத்தின் வெட்டு விளிம்பு கத்தி மாதிரி இருக்கும், காற்றில் நாடா ஆடி ஆடி அதில் உரசினால் மேலுறை கிழியும், அப்புறம் கூரை, மழைத்தண்ணீர் குழாய், அதில் கட்டியிருக்கும் துணிக்கொடி எல்லாமே கரண்டில் இருக்கும். கடைசி மூடி கழன்று விழுந்தாலும் இதே கதைதான்.

நான் சொல்வது ஒன்றே ஒன்று: 230 வோல்ட் வீட்டுக்குள்ளேயே நிற்கட்டும், சுவரைத் தாண்டி வெளியே போவது 12 அல்லது 24 வோல்ட்டாக இருக்கட்டும். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு இதுதான் அடிப்படை. ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் மழை படாத, கை எட்டாத போர்டிகோ உட்புறத்தில், ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக விழும் சுவிட்ச்) உள்ள லைனில் மட்டும் போடுங்கள்.

"எத்தனை மீட்டர் வாங்கணும், எப்படி அளக்கிறது?"

ஒரு கயிறு எடுத்துக் கீழே நின்றபடி சுவர் நீளத்தை அளங்கள், கூரை இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். வெட்டும் இடம் நாடாவிலேயே கத்தரிக்கோல் குறியோடு அச்சிட்டிருக்கும். 12 வோல்ட்டில் மூன்று எல்இடிக்கு ஒரு வெட்டு, 24 வோல்ட்டில் பெரும்பாலும் ஆறுக்கு ஒன்று. குறி இல்லாத இடத்தில் வெட்டினால் அந்தத் துண்டு மட்டும் எரியாது.

என் அபிப்பிராயம் கேட்டால், ஜன்னல், கதவு, தூண் என்று எல்லாவற்றையும் சுற்றிக் கட்டாதீர்கள். மலையில் நம் வீட்டை ரோட்டில் போகிறவர்களைவிட எதிர் மேட்டில் இருப்பவர்கள்தான் அதிகம் பார்க்கிறார்கள். கேத்தி பள்ளத்தாக்கில் இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கம் பார்த்தால் கூரை விளிம்பில் ஒரே ஒரு கோடு போட்ட வீடுதான் தனியாகத் தெரியும், மற்றதெல்லாம் கலங்கிப்போன வெளிச்சம். அவ்வளவு தூரத்துக்கு மீட்டருக்கு 30 எல்இடி உள்ள ஸ்ட்ரிப்பே போதும். 60 எல்இடி ரகம் வாசலில் கிட்ட நின்று பார்க்கும் இடத்துக்கு.

"ஐபி65, ஐபி67ன்னு போட்டிருக்கே, எது நம்ம ஊர் மழைக்குத் தாங்கும்?"

முதல் எண் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 6 என்றால் தூசி புகாது. 5 என்றால் பீய்ச்சி அடிக்கும் தண்ணீரைத் தாங்கும், 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். கூரைக்கு அடியில் ஒட்டுவதற்கு 65 போதும். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர், கேட் தூண் மாதிரி திறந்த இடத்துக்கு 67. ஐபி20 என்று போட்டிருந்தால் அது வீட்டுக்குள் சீலிங்குக்கு, விலை குறைவு என்று அதை வாங்கி வெளியே போடாதீர்கள்.

இன்னொன்று. அந்த எண்ணெல்லாம் கம்பெனியில் இரண்டு முனையும் அடைத்த நிலையில் சொல்வது. நீங்கள் ஒரு இடத்தில் வெட்டினால் அந்த முனையில் பாதுகாப்பு போச்சு. நம் ஊரில் மழையைவிட இரவுக் குளிர் மோசம். பகலில் வெயிலில் சூடான சிலிக்கான் உறைக்குள் இருக்கும் காற்று ராத்திரி சுருங்கும்போது வெட்டிய முனை வழியாக ஈரக்காற்றை இழுத்துக்கொள்ளும், காலையில் பார்த்தால் உறைக்கு உட்பக்கம் முத்து முத்தாக நீர்த்துளி நிற்கும். மழையே பெய்யாத ஜனவரியிலும் இது நடக்கும். மேல்பூச்சு எபாக்ஸியா சிலிக்கானா என்றும் கேட்டு வாங்குங்கள். 1000 மீட்டர் உயர உயர வெயிலில் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும், ஊட்டி 2,240 மீட்டரில் இருக்கிறது. எபாக்ஸி பூச்சு சீக்கிரமே மஞ்சள் அடித்துவிடும், சிலிக்கான் தாங்கும்.

"12 வோல்ட் நல்லதா, 24 வோல்ட் நல்லதா?"

வாசலில் ஒரு ரோல் மட்டும் என்றால் 12, அது எல்லாக் கடையிலும் கிடைக்கும். வீட்டைச் சுற்றி என்றால் 24. காரணம் கணக்கில் இருக்கிறது. மீட்டருக்கு 60 எல்இடி உள்ள 5050 ஸ்ட்ரிப் முழு வெள்ளையில் மீட்டருக்குச் சுமார் 14.4 வாட் எடுக்கும், 5 மீட்டருக்கு 72 வாட். 12 வோல்ட்டில் அது 6 ஆம்பியர், 24 வோல்ட்டில் 3 ஆம்பியர்.

இப்போது ஹாலில் இருக்கும் அடாப்டரிலிருந்து கூரை ஓரத்தில் இருக்கும் கண்ட்ரோலருக்கு 10 மீட்டர் தூரம், 1.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர் என்று வைத்துக்கொள்வோம். போக வர 20 மீட்டர் வயரில் 6 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே ஏறத்தாழ ஒன்றரை வோல்ட் போய்விடும், லைட்டுக்குக் கிடைப்பது பத்தரைதான். அதே வயரில் 24 வோல்ட் அனுப்பினால் இழப்பு முக்கால் வோல்ட்டுக்குள் அடங்கும், 24-இல் அது கண்ணுக்கே தெரியாது. 230 வோல்ட் உள்ளே, குறைந்த வோல்ட் வெளியே என்று மேலே சொன்னதைக் கடைப்பிடித்தால் வயர் தூரம் கூடத்தான் செய்யும், அதனால்தான் 24-ஐச் சொல்கிறேன்.

"அடாப்டர் எத்தனை ஆம்பியர்? பெருசா போட்டா லைட்டு புகைஞ்சிடாதா?"

புகையாது. வோல்ட் கூடினால்தான் புகையும். ஆம்பியர் என்பது லைட் கேட்கும் அளவுக்குத்தான் போகும், 10 ஆம்பியர் அடாப்டரில் 2 ஆம்பியர் லைட்டைத் தாராளமாகப் போடலாம். சின்னதாகப் போட்டால்தான் தொல்லை, சூடாகி அணைந்து அணைந்து எரியும். மொத்த வாட்டைக் கணக்குப் போட்டு அதற்கு மேல் கால் பங்கு சேருங்கள். மீட்டருக்கு 7.2 வாட் எடுக்கும் 30 எல்இடி ரகம் 10 மீட்டர் என்றால் 72 வாட், கால் பங்கு சேர்த்தால் 90, கடையில் 100 வாட் எஸ்எம்பிஎஸ் (அடாப்டர் வேலையையே செய்யும் பெட்டி) கேளுங்கள்.

ஓட்டை ஓட்டையாக இருக்கும் வெள்ளித் தகரப் பெட்டி எஸ்எம்பிஎஸ் வாங்கினால் அதன் பக்கவாட்டில் ஒரு சின்னச் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். 115, 230 என்று எழுதியிருக்கும். அது 115-இல் நின்றபடி நம் லைனில் போட்டால் படார் என்று ஒரு சத்தம், கதை முடிந்தது. அந்த ஓட்டைப் பெட்டியைக் கூரைக்கு அடியில் மாட்டவே கூடாது, மூடுபனி நேராக உள்ளே போகும், எறும்பும் பல்லியும் சூட்டுக்குக் குடி வரும். வெளியேதான் வைத்தாக வேண்டும் என்றால் முழுக்க அடைத்த ஐபி67 அலுமினிய உடம்பு ரகம் வாங்குங்கள், விலை கூடத்தான். காசை மிச்சம் பிடிக்க வேறு இடம் பாருங்கள், இதில் வேண்டாம்.

"வெள்ளை கலர் வச்சா ரோலோட கடைசியில மட்டும் செம்மண் நிறத்துல தெரியுது. டூப்ளிகேட் கொடுத்துட்டாங்களா?"

கடைக்காரரைத் திட்டாதீர்கள். 12 வோல்ட் சர்க்யூட்டில் மூன்று எல்இடி வரிசையாக இருக்கும். நீலத்துக்கும் பச்சைக்கும் ஒவ்வொன்றுக்கும் சுமார் 3 வோல்ட் வேண்டும், சிவப்புக்கு 2 வோல்ட் போதும். நாடாவில் இருக்கும் செம்புத்தகடு ரொம்ப மெல்லிசு, போகப்போக வோல்ட் குறையும். நீளமான ஹோஸ் பைப்பில் வழியெல்லாம் ஓட்டை போட்டால் கடைசி ஓட்டையில் தண்ணீர் சொட்டுகிற மாதிரிதான். குறைந்த வோல்ட்டில் முதலில் மங்குவது நீலமும் பச்சையும், மிஞ்சுவது சிவப்பு.

தீர்வு, 12 வோல்ட் ஸ்ட்ரிப்பை 5 மீட்டருக்கு மேல் வால் பிடித்து நீட்டாதீர்கள். இரண்டாவது ரோலுக்குக் கண்ட்ரோலரிலிருந்தே தனியாக நாலு வயர் கொண்டுபோங்கள். கண்ட்ரோலரால் அத்தனை ஆம்பியர் தாங்க முடியாது என்றால் நடுவில் ஆர்ஜிபி ஆம்ப்ளிஃபையர் என்று ஒரு சின்னப் பெட்டி கிடைக்கும், அதற்கு அடாப்டரிலிருந்து நேராகக் கரண்ட் கொடுக்கலாம். பண்டிகை முழுக்க ஒரே நிறமோ மாறும் நிறங்களோதான், வெள்ளை போட மாட்டேன் என்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது.

"சாயங்காலம் ஒட்டுனேன், காலையில பார்த்தா தோரணம் மாதிரி தொங்குது. எந்த பசை போடணும்?"

பசையில் கோளாறு இல்லை, நேரத்தில்தான். இந்த அக்ரிலிக் டேப்பெல்லாம் 10 டிகிரிக்குக் கீழே சரியாகப் பிடிக்காது. டிசம்பரில் தலைகுந்தா, காந்தல் பக்கம் காலையில் புல்வெளி வெள்ளையாக உறைந்து கிடக்கும்போது தகரமும் அதே குளிரில்தான் இருக்கும், அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் வேறு. காலை 11 மணிக்கு மேல் வெயில் விழுந்து தகரம் காய்ந்த பிறகு, ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, ஒரு ஜாண் ஒரு ஜாணாகக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டுங்கள். ரோலை வீட்டுக்குள் வைத்திருந்து எடுத்து வாருங்கள், குளிரில் விறைத்த நாடாவை மடக்கினால் உள்ளே செம்புத்தகடு வெடிக்கும்.

அப்படியும் டேப்பை மட்டும் நம்பாதீர்கள். சுண்ணாம்புச் சுவரில் எந்த டேப்பும் நிற்காது, சுண்ணாம்போடு கழன்று வரும். அரை மீட்டருக்கு ஒரு சிலிக்கான் கிளிப் வைத்து ஸ்க்ரூ போடுங்கள், இல்லை என்றால் மேலே வெள்ளை மூடி வரும் அலுமினிய சேனலைக் கூரையின் ஓரப்பலகையில் திருகி அதற்குள் ஸ்ட்ரிப்பை ஒட்டுங்கள். செலவு கூடும், ஆனால் புள்ளி புள்ளியாகத் தெரியாமல் ஒரே கோடாகத் தெரியும், மழையும் நேராகப் படாது. ஃபெவிக்விக் போடாதீர்கள், அது இறுகி உடைந்துவிடும். சூடாக்கி ஒட்டும் குளூ கன் பசையும் குளிரில் பட்டென்று விட்டுவிடும்.

"கூரை மேல ஏறி நின்னு ஒட்டலாமா?"

ஆஸ்பெஸ்டாஸ் சீட் என்றால் காலே வைக்காதீர்கள், பாசி பிடித்த பழைய சீட் ஆளோடு உடைந்து உள்ளே விழும். அதில் துளை போடவும் வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. ஏணி வைத்துத்தான் வேலை, அதைக் கீழே ஒருவர் பிடித்தபடி. நம் வீடுகளில் முன்பக்கம் சமதளமாக இருந்தால் பின்பக்கம் தடுப்புச்சுவருக்குக் கீழே பத்தடி பள்ளம் இருக்கும், அந்தப் பக்கத்துக்கு லைட்டே வேண்டாம் என்று விட்டுவிடுவதே மேல். ஈபி சர்வீஸ் வயர் வீட்டுக்குள் நுழையும் மூலையில் அலுமினிய ஏணி வைக்காதீர்கள், அந்த வயரைத் தாங்கும் பைப்பில் ஸ்ட்ரிப்பைக் கட்டவும் கூடாது.

"கிளிப் கனெக்டர் போதுமா? சால்டரிங் பண்ணியே ஆகணுமா?"

வீட்டுக்குள் என்றால் கிளிப் போதும். வெளியே சால்டர் பண்ணியே ஆக வேண்டும். என்னிடம் "ரிப்பேர்" என்று வரும் ஸ்ட்ரிப்புகளில் பெரும்பாலானவற்றில் எல்இடி நன்றாகத்தான் இருக்கும், போயிருப்பது ஜாயிண்ட். கிளிப்பைத் திறந்தால் செம்புப் புள்ளிகளில் பச்சைப் பொடி பூத்திருக்கும், பிளஸ் பக்கம் இன்னும் அதிகமாகத் தின்றிருக்கும். ஒரு நாள் நீலம் மட்டும் வராது, அடுத்த வாரம் பச்சையும் போகும். சால்டர் பண்ணி, சூடு காட்டினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் டியூப் போட்டு, முனையில் சிலிக்கான் அடையுங்கள்.

எந்த சிலிக்கான் என்பதையும் பார்க்க வேண்டும். கண்ணாடிக்கு, பாத்ரூமுக்குப் போடும் சாதா சிலிக்கான் காயும்போது வினிகர் மாதிரி புளித்த வாடை அடிக்கும், அது அசிட்டிக் அமிலம், செம்பை அரிக்கும். நீங்கள் பாதுகாக்க நினைத்ததை அதுவே தின்றுவிடும். "நியூட்ரல் க்யூர்" என்று டியூபில் எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். வயர் சுவருக்குள் நுழையும் இடத்தில் துளைக்குக் கீழே ஒரு தொங்கல் விட்டுப் பிறகு மேலே ஏற்றி நுழையுங்கள், வயர் வழியாக ஓடி வரும் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், வீட்டுக்குள் வராது.

"ரிமோட் அமுக்குனா ஒண்ணும் ஆகல."

பேட்டரிக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் நாக்கை உருவினீர்களா? உருவியாகிவிட்டது என்றால், 24 பட்டன், 44 பட்டன் ரிமோட்டெல்லாம் இன்ஃப்ராரெட், டிவி ரிமோட் மாதிரி நேருக்கு நேர் பார்க்க வேண்டும். கண்ட்ரோலரிலிருந்து குட்டி வயரில் தொங்கும் கறுப்புக் கண் உங்களைப் பார்த்தபடி இருக்கட்டும்.

"வைஃபை கண்ட்ரோலர் போன்ல சேரவே மாட்டேங்குது."

இவை பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டும்தான் சேரும். ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸும் ஒரே பெயரில் இருந்தால் சேர்க்கும் நேரத்துக்கு மட்டும் அதை அணைத்துவிடுங்கள். பழைய பங்களாக்களில் ஒன்றரை அடி கல்சுவரைத் தாண்டி சிக்னல் வெளியே வராது, ரூட்டரை ஜன்னல் ஓரம் நகர்த்தினாலே பல வீடுகளில் சரியாகிவிடும்.

"பக்கத்து வீட்ல லைட்டு ஓடுது, மழை மாதிரி கொட்டுது. எங்க வீட்ல மொத்தமா ஒரே கலர்தான் மாறுது. செட்டிங் எங்க இருக்கு?"

செட்டிங்கில் இல்லை, ஸ்ட்ரிப்பே வேறு. உங்களுடையது நாலு வயர் ஆர்ஜிபி, முழு நாடாவும் ஒரே நிறம்தான் காட்டும். அவருடையது பிக்சல் ரகம், ஒவ்வொரு எல்இடிக்கும் அல்லது மூன்று எல்இடிக்கு ஒன்றாக ஒரு சிப் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் தனி நிறம் சொல்லலாம். திருவிழாப் பந்தலில் சாமி உருவம் ஓடும் போர்டெல்லாம் இதே வித்தைதான். டபிள்யூஎஸ்2812பி என்றால் 5 வோல்ட், டபிள்யூஎஸ்2811, 2815 என்றால் 12 வோல்ட்.

வெளியே போட என்னைக் கேட்டால் 2815. முதல் காரணம் ஆம்பியர். 2812பி ரகம் முழு வெள்ளையில் ஒரு எல்இடிக்கு 60 மில்லி ஆம்பியர் என்று கணக்கு வைப்பார்கள், மீட்டருக்கு 60 வீதம் 5 மீட்டருக்கு 300 எல்இடி, அதாவது 5 வோல்ட்டில் 18 ஆம்பியர். மேலே செம்மண் நிறத்துக்குச் சொன்ன காரணம் இங்கே இரண்டு மீட்டருக்குள்ளேயே வேலையைக் காட்டும். இரண்டாவது காரணம், 2812பி-யில் ஒரு சிப் செத்தால் அதற்குப் பிறகு உள்ளதெல்லாம் இருட்டு. 2815-இல் மாற்று டேட்டா வயர் ஒன்று இருப்பதால் ஒன்று செத்தாலும் அடுத்தது ஓடும். உறைபனியில் ஏணி வைத்து மறுபடி ஏற விருப்பமில்லாதவர்களுக்கு இது பெரிய விஷயம்.

நாடாவில் அம்புக்குறி இருக்கும், டேட்டா அந்தத் திசையில்தான் போகும், மறுமுனையில் கொடுத்தால் ஒன்றும் எரியாது. கைவேலை தெரிந்தவர்கள் ஈஎஸ்பி32 என்ற வைஃபை உள்ள குட்டி போர்டில் டபிள்யூஎல்இடி என்ற இலவச மென்பொருளைப் போட்டு ஓட்டுங்கள், கடைக் கண்ட்ரோலரைவிட ஆயிரம் மடங்கு மேல், அதிலேயே இத்தனை ஆம்பியருக்கு மேல் போகாதே என்று வரம்பும் வைக்கலாம்.

"மாசம் பூரா எரிஞ்சா கரண்ட் பில் எகிறிடுமே?"

30 எல்இடி ரகம் 20 மீட்டர் போட்டால் முழு வெள்ளையில் 144 வாட். ஒரு நாளைக்கு 5 மணி நேரம் எரிந்தால் 0.72 யூனிட், மாதத்துக்கு 22 யூனிட்டுக்குள். சிவப்பு மட்டும் அல்லது நீலம் மட்டும் என்றால் அதில் மூன்றில் ஒரு பங்குதான். அரை மணி நேரம் ஓடும் 2 கிலோவாட் கீசர் ஒரு யூனிட்டை முழுங்குகிறது, ரூம் ஹீட்டரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, படிப்படியான விகிதத்தில் வருவதால், ஏற்கெனவே ஒரு படியின் விளிம்பில் நிற்பவர்கள் மட்டும் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

"கிறிஸ்துமஸ் குடிலுக்குள்ள வைக்கோல் இருக்கு, அதுல ஸ்ட்ரிப் சுத்தலாமா?"

ரோலைச் சுருட்டியபடி எரியவிடாதீர்கள், அதுதான் முக்கியம். சுருட்டிய நிலையில் சூடு வெளியேற வழியில்லாமல் நடுவில் கருகும். வைக்கோலுக்குள் புதைக்காமல் குடிலின் மரச்சட்டத்தில் நீளமாக ஒட்டி, வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்து வையுங்கள். அடாப்டர் குடிலுக்கு வெளியே.

"இடி இடிக்கும்போது எரியலாமா? எர்த் எல்லாம் தேவையா?"

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரி பக்கத்தைத்தான் ஒரு கை பார்க்கும், தீபாவளியும் அதே நேரத்தில்தான் வரும். இடி கேட்டால் சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்குங்கள். மின்னல் பக்கத்தில் எங்கேயோ விழுந்தாலும் லைனில் வரும் அதிர்ச்சி எஸ்எம்பிஎஸ்ஸைக் கொன்றுவிடும்.

தகர உடம்பு எஸ்எம்பிஎஸ்ஸில் எர்த் குறி போட்ட ஸ்க்ரூ சும்மா இல்லை, அதில் வயர் கொடுங்கள். நம் ஊர் பாறை நிலத்தில் எர்த் குழி பல வீடுகளில் பேருக்குத்தான் இருக்கிறது, அதனால் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம். அதன் டெஸ்ட் பட்டனை லைட் போடும் முன் ஒருமுறை அமுக்கிப் பாருங்கள், விழவில்லை என்றால் லைட் வேலையை அப்புறம் பார்க்கலாம், முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

"குரங்கு பிடுங்கிப் போடுது. காட்டெருமை வேற வருது. என்ன பண்றது?"

குரங்குக்குத் தொங்குவதெல்லாம் ஊஞ்சல். எதுவும் தொங்காமல் இறுக்கி வைப்பதுதான் வழி, மேலே சொன்ன அலுமினிய சேனல் இதற்கும் உதவும். வெளியே வரும் வயரை பிவிசி பைப்புக்குள் விடுங்கள். காட்டெருமை லைட்டைக் கண்டு ஓடவும் செய்யாது, தேடி வரவும் செய்யாது, ஆனால் கேட்டிலிருந்து வாசலுக்குக் குறுக்காக வயர் கட்டியிருந்தால் கொம்பில் மாட்டி மொத்தத்தையும் இழுத்துக்கொண்டு தேயிலைத் தோட்டத்துக்குள் போய்விடும். வேலியில், செடியில், தாழ்வான கொடியில் கட்டவே வேண்டாம். கரடிக்கு எல்இடியில் ஆர்வம் இல்லை, அதற்குப் பிடித்தது கார்த்திகைக்கு நாம் வாசலில் வைக்கும் அகல் விளக்கு எண்ணெய், அதை ராத்திரி உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள்.

பூச்சி நிறைய வருகிறது என்றால் நீலத்தையும் வெள்ளையையும் குறைத்து சிவப்பு, ஆரஞ்சு பக்கம் போங்கள். சோலைக்காட்டை ஒட்டிய வீடு என்றால் பத்து, பத்தரைக்கு அணையும்படி டைமர் வைத்துவிடுங்கள், அதற்கு மேல் பார்க்க யாரும் வரப்போவதில்லை.

"வீடியோ எடுத்தா கோடு கோடா ஓடுது."

எல்இடி கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிகிறது, வெளிச்சத்தைக் குறைப்பதே அந்த முறையில்தான். கேமராவில் ப்ரோ மோட் இருந்தால் ஷட்டரை 1/50-க்குக் கொண்டு வாருங்கள். வெளிச்சத்தை முழுசாக வைத்தாலும் கோடு குறையும்.

"பொங்கல் முடிஞ்சதும் கழட்டணுமா, அப்படியே விட்டுடலாமா?"

டேப்பில் ஒட்டியதை அப்படியே விட்டால் அடுத்த வருஷம் எப்படியும் பாதி விழுந்திருக்கும். சேனலில் போட்டதை விடலாம், ஆனால் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள், கரண்ட் இருக்கும் ஈரமான ஜாயிண்ட் வேகமாக அரிக்கும். நிரந்தரமாக வைத்து மற்ற நாளில் வாசல் விளக்காகவும் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் ஆரம்பத்திலேயே தனி வெள்ளை எல்இடியும் சேர்ந்த ஆர்ஜிபிடபிள்யூ ரகத்தில் வார்ம் ஒயிட் (இளமஞ்சள் வெள்ளை) உள்ளதை வாங்குங்கள். மூன்று நிறத்தைக் கலந்து வரும் வெள்ளை ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி நீலமாகத்தான் இருக்கும். கழற்றுகிறவர்கள் வெயில் நேரத்தில் மெதுவாக உரியுங்கள், கையகல வட்டமாகச் சுருட்டி, ஈரமில்லாத பெட்டியில் வையுங்கள். பாலிதீன் பைக்குள் ஈரத்தோடு கட்டி வைத்தால் அடுத்த தீபாவளிக்குப் பச்சைப் பொடிதான்.

"எங்க ஹட்டியில (படகர் ஊர்ல) ஒரே வரிசையில வீடுங்க ஒட்டி ஒட்டி இருக்கு. பண்டிகைக்கு நாலு வீட்டுக் கூரையிலயும் ஒரே லைட்டா ஓடவிடணும். ஒரே அடாப்டர்ல இழுக்கலாமா?"

வந்ததிலேயே நல்ல கேள்வி இது, ஆனால் ஒரே அடாப்டர் வேண்டாம். நாலு வீட்டு நீளத்துக்கு வோல்ட் இழப்பு எங்கே போய் நிற்கும் என்று மேலே பார்த்தாயிற்று. ஒரு வீட்டு மீட்டரிலிருந்து அடுத்த வீட்டுக்கு 230 வோல்ட் இழுப்பதும் கூடாது, ஒரு வீட்டில் பியூஸ் பிடுங்கினாலும் அடுத்த வீட்டுக் கூரையில் கரண்ட் இருக்கும், வேலை செய்கிறவருக்கு அது தெரியாது.

வீட்டுக்கு ஒரு எஸ்எம்பிஎஸ், அந்தந்த வீட்டு மீட்டரில். ஒரு வீட்டு ஸ்ட்ரிப் முடிந்து அடுத்த வீட்டு ஸ்ட்ரிப் தொடங்கும் இடத்தில் பிளஸ் வயரைச் சேர்க்காதீர்கள், இரண்டு எஸ்எம்பிஎஸ்ஸும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும். டேட்டா வயரும் மைனஸும் மட்டும் தாண்டிப் போகட்டும், மைனஸ் பொதுவாக இல்லை என்றால் டேட்டா குழம்பி கண்டபடி மின்னும். அது சிக்கலாகப் பட்டால் வீட்டுக்கு ஒரு ஈஎஸ்பி32 வைத்து, நாலையும் ஒரே வைஃபையில் சேர்த்து, டபிள்யூஎல்இடியில் சிங்க் என்று இருப்பதைத் தட்டிவிடுங்கள். ஒரு வீட்டுப் போனில் நிறத்தை மாற்றினால் நாலு கூரையும் சேர்ந்து மாறும், வீடுகளுக்கு நடுவில் ஒரு வயரும் வேண்டாம், ஒரு வீட்டில் கரண்ட் போனாலும் மற்ற மூன்றும் எரியும். வைஃபை எந்த வீட்டுடையது என்பதை மட்டும் முன்கூட்டியே பேசி, அந்த வீட்டு ரூட்டரை இன்வெர்ட்டர் லைனில் போட்டு வையுங்கள்.